மூன்றாம் ஓலை

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

காலை ஆராதனை முடிந்து வந்ததும் ஐயர் இந்த டைரியைக் கொடுத்தார். திருமண்டலத் தலைமை அலுவலகத்திலிருந்து புத்தாண்டுக்கு வந்தது. இத்தனை நாள் அவர் மேசையில் காப்பி டம்ளருக்கு அடியில் கிடந்ததால் அட்டையில் வட்டம் விழுந்திருக்கிறது. "லெந்து நாள்ல எந்தெந்த வீட்டுக்குப் போனேன்னு எழுதி வை. மாச அறிக்கைக்கு நான் எடுத்துப் பாப்பேன்" என்றார்.

பார்ப்பார் என்பதால் எல்லாவற்றையும் திருத்தமாக எழுதுகிறேன். என் பெயர் எப்சிபா. எபனேசர்விளை சேகரத்தின் குருவானவர் ரெவரெண்ட் தேவதிரவியத்தின் மனைவி. போன மே மாதம் மாற்றலாகி இங்கே வந்தோம். எங்களுக்கு இது நான்காவது சேகரம், நான்காவது ஊர். ஊரில் குருவானவர் என்றால் ஐயர், அதனால் எனக்குப் பெயர் ஐயரம்மா. எப்சிபா என்பவள் ஆதார் அட்டையில் மட்டும் இருக்கிறாள். ஐயரைக் கட்டிக்கொண்டால் பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி பதவியும் கூடவே வரும். அதற்குத் தேர்தலும் கிடையாது, ராஜினாமாவும் கிடையாது.

பிப்ரவரி 16, வெள்ளி

சேகரக் கமிட்டி கூடியது. ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் லெந்துகால ஊழியத் திட்டம். செவ்வாயும் வெள்ளியும் வீடு சந்திப்பு, வெள்ளி மதியம் அரசு ஆஸ்பத்திரி வாசலில் கஞ்சி, ஈஸ்டர் முடிந்ததும் எல்லா மதத்தாருக்கும் இலவசக் கண் முகாம். இந்த மூன்றையும் முடிவு செய்யக் கொஞ்ச நேரமே ஆனது. பேனரில் யார் யார் படம் போடுவது என்பதற்குத்தான் மீதி நேரம் முழுவதும் போயிற்று. ஒரு பெரியவர் தன் படம் சிறிதாகப் போய்விட்டது என்று பேனர் அச்சாவதற்கு முன்பே கோபித்துக்கொண்டு எழுந்து போனார்.

முகாமுக்குப் பந்தல், நாற்காலி, மருத்துவர்களுக்குச் சாப்பாடு எல்லாவற்றையும் செயலாளர் கிங்ஸ்லி துரை தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஷாமியானா வாடகைக் கடை வைத்திருக்கிறார். நாற்பது வயதிருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்பு மனைவி இறந்துபோனாளாம். அதிர்ந்து பேசமாட்டார். நான் டீ டம்ளர்களைத் தூக்க வந்தபோது எழுந்து வந்து தட்டை வாங்கிக்கொண்டார். "நீங்க இருங்க ஐயரம்மா. ஆம்பளைய நாங்க எதுக்கு இருக்கோம்?" என்றார். நல்ல மனுஷன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

பிரசங்கம் பிரமாதம். 'பொறுமையுள்ள அன்பு' பற்றி ஐயர் பேசினார். பெண்கள் பக்கத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். ஐயரின் குரலுக்கு அந்த வல்லமை உண்டு.

முதல் பெஞ்சு எனக்கு. அதில் ஒரு தொல்லை இருக்கிறது. எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று யாரும் ஜெபப் புத்தகத்தைப் பார்ப்பதில்லை, என் முதுகைத்தான் பார்க்கிறார்கள். வந்த புதிதில் ஒரு நாள் என் சேலையில் குளவி ஏறிற்று என்று வேதபாட வாசிப்புக்கு நடுவில் துள்ளி எழுந்துவிட்டேன். சபை முழுக்க எழுந்து நின்றது! பாடகர் குழுவும் எழுந்தது. வாசித்துக்கொண்டிருந்தவர் பயந்துபோய் நிறுத்திவிட்டார். பிறகு நான் உட்கார்ந்தேன், எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஏன் எழுந்தோம் என்று இன்றுவரை ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

நான் அன்று சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு ஐயர் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

சாம்பாரில் உப்பு கூடிவிட்டது. என் கவனக்குறைவு. பிறகு குளியலறையில் வழுக்கிவிட்டது. வீடு சந்திப்புக்குப் போகவில்லை.

பிப்ரவரி 23, வெள்ளி

ஆஸ்பத்திரி வாசலில் கஞ்சி. எனக்கு வலது கை மாதிரி இருப்பவள் சங்கத்தின் செயலாளர் தங்கபுஷ்பம் அக்கா. என்னைவிட வயதில் மூத்தவள், ஆனாலும் 'ஐயரம்மா' என்றுதான் கூப்பிடுவாள். வாயைத் திறந்தால் கூட்டமே சிரிக்கும். வரிசையில் இரண்டாவது முறை வந்து நின்ற ஒருவரைப் பார்த்து, "அண்ணாச்சி, மீசைய எடுத்துட்டு வந்திருந்தா எனக்கு அடையாளம் தெரிஞ்சிருக்காது" என்று சொல்லிவிட்டு, தூக்குச்சட்டி நிறைய ஊற்றிக் கொடுத்தாள்.

அண்டாவைக் கழுவும்போது என் ரவிக்கைக் கை மேலே ஏறிவிட்டது. தங்கபுஷ்பம் அக்கா பார்த்தாள். ஈரக்கையால் அதைக் கீழே இழுத்து விட்டாள், முழங்கை தாண்டி மணிக்கட்டு வரைக்கும்.

"எங்க இடிச்சீய?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டுது அக்கா."

"பாத்து நடங்க ஐயரம்மா" என்றாள். அதற்குப் பிறகு திரும்பி வரும்வரை அவள் ஒரு பகடியும் சொல்லவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் சங்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் நாங்கள் குடியிருக்கும் குருமனைக்கு வந்தார்கள். நீல நிறத்தில் ரப்பர் மேட் ஒன்று, குளியலறையில் போட. எல்லாரும் சேர்ந்து வாங்கியதாம். அடியில் குமிழ் குமிழாக இருக்கிறது, தரையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஐயர் அவர்களுக்காக நீண்ட ஜெபம் செய்தார். அன்பான சபை என்று வாழ்த்தினார்.

மகன் பெங்களூரிலிருந்து பேசினான். ஈஸ்டருக்கும் வரமுடியாதாம். ப்ராஜெக்ட். போன கிறிஸ்துமஸுக்கும் ப்ராஜெக்ட்தான்.

மார்ச் 1, வெள்ளி

சபைக்கு வராமல் நின்றுபோனவர்களின் வீடுகளுக்கு இன்று போனோம். பெரும்பாலும் பழைய கதைதான். கல்லறைத் தோட்டத்தில் இடத் தகராறு, கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டுக்கு எங்கள் வீட்டை விட்டுவிட்டார்கள், அப்படி.

தேரிக்காட்டு ஓரத்துக் கடைசி வீட்டுக்குத் தங்கபுஷ்பம் அக்கா வரமாட்டேன் என்றாள். கால் வலிக்கிறதாம். காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த கால். நான் தனியாகப் போனேன். வீட்டுக்காரி சாராள் அக்கா. கணவர் இல்லை, ஒரே மகள் இறந்துபோனாள். அந்த மகள்தான் கிங்ஸ்லி துரையின் மனைவி ரூபி என்பது எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது.

கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். வெளியே செம்மண் காற்று அடித்துக்கொண்டே இருந்தது.

"கோயிலுக்கு வாங்கன்னு கேக்காதீய. மத்தபடி என்ன வேணும்னாலும் பேசுங்க" என்றாள்.

ஜெபம் செய்துவிட்டு வந்தேன்.

மார்ச் 2, சனி

ஐயர் பிப்ரவரி அறிக்கையை அனுப்பிவிட்டார். தட்டச்சு செய்த நகலைப் பார்த்தேன். நான் போகாத வீடுகளுக்கெல்லாம் போயிருக்கிறேன். டைரியை அவர் தொடவே இல்லை, இனியும் தொடமாட்டார்போல. கொஞ்சம் கோபம் வந்தது. பிறகு என்னவோ இறுக்கிக் கட்டியிருந்ததைத் தளர்த்தின மாதிரி இருந்தது.

மார்ச் 5, செவ்வாய்

தங்கபுஷ்பம் அக்கா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தாள். மகள் பியூலாவுக்குக் கல்யாணம். ஈஸ்டர் கழிந்த வாரம். மாப்பிள்ளை கிங்ஸ்லி துரை.

பியூலா பாடகர் குழுவில் இருக்கிறாள். முப்பது தாண்டிவிட்டது. பார்த்த இடமெல்லாம் ஏதாவது காரணத்தால் தட்டிப் போயிற்று. ஒரு தடவை நிச்சயம் வரைக்கும் வந்து நின்றது. பாடும்போது மட்டும் நிமிர்ந்து நிற்பாள், மற்ற நேரம் தோளைக் குறுக்கிக்கொண்டு நடப்பாள்.

"ஒங்களுக்குச் சந்தோசந்தானே அக்கா?" என்று கேட்டேன்.

"சந்தோசத்துக்கு என்ன? பையன் குடிக்கமாட்டான். கோயில் காரியம்னா முன்ன நிப்பான். வேற என்ன வேணும் ஐயரம்மா?"

என்னிடம் கேட்கிற மாதிரிதான் இருந்தது. நான் பழத்தை வாங்கி உள்ளே வைத்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

முதல் ஓலை.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சபையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார்க்கும் இன்னார்க்கும் கல்யாணம் நிச்சயித்திருக்கிறது, இவர்கள் சேரக்கூடாதபடி நியாயமான தடை ஏதாவது எவருக்காவது தெரிந்தால் அறிவிக்கலாம் என்று ஐயர் கேட்பார். கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். அந்த நேரத்தில்தான் எல்லாரும் அடுத்த பாட்டுக்குப் பக்கம் புரட்டுவார்கள். நான்கு சேகரத்தில் எத்தனையோ ஓலை கேட்டிருக்கிறேன். ஒரே ஒருவர்தான் எழுந்து நின்றார், அதுவும் தலைக்கு மேலிருந்த மின்விசிறியை நிறுத்தச் சொல்ல.

கிங்ஸ்லி துரை வெள்ளைச் சட்டையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அடக்கமான மாப்பிள்ளை என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

மார்ச் 12, செவ்வாய்

தேரிக்காட்டு வீட்டுக்கு மறுபடியும் போனேன். சாராள் அக்காவுக்கு ஓலை விஷயம் எட்டியிருந்தது.

காப்பி தரவில்லை. உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்து என் காலடியில் விரித்தாள். ரப்பர் மேட். பச்சை நிறம். குமிழ்களில் பாதி தேய்ந்துபோயிருந்தது.

"எம் மவளுக்கு ஒங்க சங்கத்துலேருந்து குடுத்தது இது. அடிக்கடி வழுக்குதேன்னு எல்லாரும் காசு போட்டு வாங்கிக் குடுத்தாவ. அவ பொட்டிப் படுக்கையோட எனக்குத் திரும்ப வந்துது."

ரப்பர் மேட் எல்லாக் கடையிலும்தான் கிடைக்கிறது. அதை வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாது. நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கடைசியாவும் வழுக்கித்தான் விழுந்தாளாம். மாப்பிள சொன்னாரு. அப்ப இருந்த ஐயரும் சொன்னாரு. துக்கமணி அடிச்சு, சாயங்காலமே எடுத்துட்டாவ. எம் புள்ளையக் குளிப்பாட்டினது ஒங்க சங்கத்துக்காரவிய. என்னைய உள்ள விடல, தாங்கமாட்டான்னு சொல்லிட்டாவ. முதுகப் பாத்தவ ஒருத்தி வெளிய வந்து மதில் ஓரமா வாந்தி எடுத்தா. அவகிட்ட கேளுங்க."

"யாரு அக்கா?"

"இப்ப அவனுக்குப் பொண்ணு குடுக்காளே, அவதான்."

வெளியே வந்த பிறகு என் குடையை அங்கேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய் எடுக்கத் தைரியம் வரவில்லை. வெயிலில் நடந்தே வந்தேன்.

மார்ச் 14, வியாழன்

நாளைய கஞ்சிக்குப் பயறு புடைத்துக்கொண்டிருந்தபோது தங்கபுஷ்பம் அக்காவிடம் கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை. "ரூபியைக் குளிப்பாட்டினது நீங்களா?" என்றேன்.

அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. தட்டிக்கொண்டே சொன்னாள். "தண்ணி ஊத்துனேன்."

"முதுகைப் பாத்தீங்களா?"

"பழைய காயம் பழைய காயமாத்தான் இருந்துது. புதுக் காயம் தலையிலதான்." கொஞ்ச நேரம் கல் பொறுக்கினாள். "ரூபிக்கு வாய் சாஸ்தி ஐயரம்மா. ஒண்ணு சொன்னா ஒம்பது சொல்லுவா. எம் புள்ள அடங்குனவ. சத்தமே வராது. பாத்துப் பதனமா இருந்துக்கிடுவா."

"அக்கா, தெரிஞ்சுக்கிட்டா குடுக்கீங்க?"

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. கடையில் விலை கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏன், நீங்க இருக்கலியா? நீங்களும் இருந்துக்கிட்டுத்தானே இருக்கீய?"

எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று தெரியவில்லை. பயறில் கல் அதிகம். கடைக்காரனிடம் சொல்ல வேண்டும்.

மார்ச் 15, வெள்ளி

கஞ்சி ஊற்றினோம். அவளும் நானும் அடுத்தடுத்து நின்றோம். கரண்டியை மட்டும் கை மாற்றிக்கொண்டோம்.

மதியம் ஐயர் சாப்பிட்டு எழுந்து நல்ல மனநிலையில் இருந்தார். சாராள் அக்கா சொன்னதைச் சொன்னேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"நெருங்குன உறவா இருக்கணும், இல்லன்னா முதல் கல்யாணம் நிலுவையில இருக்கணும், வயசு பத்தாம இருக்கணும், இல்ல சம்மதம் இல்லாம இருக்கணும். இதுதான் தடை. ஊர்வாய் தடை ஆகாது" என்றார். வகுப்பில் பாடம் நடத்துவது போல விரல்விட்டு எண்ணிச் சொன்னார். பிறகு, "ஒரு பொம்பள வழுக்கி விழுந்தா, அதைத் தோண்டித் துருவுறதுக்கு ஒனக்கு என்ன வந்துது?" என்றார்.

நான் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். பிறகு குளியலறையில் வழுக்கிவிட்டது.

மார்ச் 17, ஞாயிறு

இரண்டாம் ஓலை. ஐயர் கேள்வி கேட்டு நிறுத்தினார். பெஞ்சின் முதுகுப்பலகையைப் பிடித்துக்கொண்டேன். என் பின்னால் பக்கம் புரளும் சத்தம். நான் எழவில்லை. வெட்கமாக இருந்தது, என்னை நினைத்தே வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு பாட்டு வந்தது, எழுந்தேன், எல்லாரும் எழுந்தார்கள்.

மார்ச் 19, செவ்வாய்

கண் முகாமுக்கு பேனர் வந்துவிட்டது. ஐயர் படம் வலப்பக்கம், கிங்ஸ்லி துரை படம் இடப்பக்கம், நடுவில் பெரியதாக ஒரு கண். கோபித்துக்கொண்டு போன பெரியவரின் படமும் கீழே இருக்கிறது. எல்லாருக்கும் திருப்தி.

சங்கத்தில் அன்று ரூபி வீட்டுக்குப் போன மற்றப் பெண்கள் யார் யார் என்று விசாரித்தேன். ஒருத்தி துபாயில் மகளிடம் இருக்கிறாள். ஒருத்தி, "எனக்குச் சுகர் ஐயரம்மா, அன்னிக்கு நடந்தது ஒண்ணும் நெனவில்ல" என்றாள். இன்னொருத்தி எனக்குக் கையில் என்ன ஆயிற்று என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

மார்ச் 22, வெள்ளி

சாயங்காலம் பியூலா வந்தாள். குருத்தோலை ஞாயிறுப் பாட்டுப் பயிற்சி முடிந்து நேராக வந்திருக்கிறாள். வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொல்லி மோர் கொடுத்தேன்.

"ஐயரம்மா, ஒண்ணு கேக்கணும். ஒங்க அளவு ப்ளவுஸ் ஒண்ணு தருவீங்களா? டெய்லர்ட்ட காட்டணும்."

"எதுக்கு? ஒனக்கும் எனக்கும் அளவு ஒத்து வராதே."

"அளவுக்கு இல்ல. மாடலுக்கு. அம்மா எல்லாத்தையும் முழுக்கையாவே தைக்கச் சொல்லுதாவ. மணிக்கட்டு வரைக்கும் வரணுமாம். இந்த வெயில்ல எதுக்கும்மான்னு கேட்டேன். ஐயரம்மா போடல்லியா, அது மாதிரிதான்னு சொன்னாவ." சிரித்தாள். பிறகு, "ஃபேஷனாத்தான் இருக்கு, இல்ல?" என்றாள்.

அவள் கைகள் இரண்டும் மோர் டம்ளரைப் பிடித்திருந்தன. மெலிந்த கைகள். ஒரு வடு கிடையாது.

துவைக்கப் போட்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை தருகிறேன் என்று சொன்னேன். அலமாரியில் எட்டுப் பத்து அடுக்கி இருக்கிறது. அவள் போன பிறகு அலமாரியைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றுகூட அரைக்கை இல்லை. எந்த வருஷத்திலிருந்து என்று யோசித்தேன். இரண்டாவது சேகரத்திலிருந்து.

என் பிழைப்பை ஒரு பெண்ணுக்கு மாதிரியாக எடுத்து வெட்டப் போகிறார்கள்.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு மறந்துவிட்டது என்று நானே சொல்லிவிடக்கூடும்.

குருமனை வாசலிலிருந்து பவனி. எல்லார் கையிலும் குருத்தோலை. பியூலா முன்னால் பாடிக்கொண்டு போனாள். கோயிலுக்குள் வந்து, விசுவாசப் பிரமாணம் சொல்லி, உட்கார்ந்தோம். அறிவிப்புகள். கண் முகாமைப் பற்றி ஐயர் இரண்டு தடவை சொன்னார். பிறகு ஓலை.

"கிங்ஸ்லி துரைக்கும் பியூலாவுக்கும் இது மூன்றாம் ஓலை. இவர்கள் சேரக்கூடாதபடி நியாயமான தடை எவருக்காவது தெரிந்திருந்தால் இப்போதே அறிவிக்கலாம்."

நான் எழுந்தேன்.

என் பின்னால் சபை முழுவதும் எழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, ஓலைகள் உரசிக்கொள்ளும் சத்தத்திலேயே தெரிந்தது. பாடகர் குழு எழுந்தது. கீபோர்டு வாசிப்பவர் பாட்டின் முதல் சுரத்தையே தட்டிவிட்டார். ஆண்கள் பக்கத்தில் கிங்ஸ்லி துரையும் பாட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டு எழுந்து நின்றார். தடை தெரிந்தவர் உண்டா என்று கேட்டதற்கு ஒரு சேகரமே எழுந்து நின்றது.

ஐயர் சிரித்தார். "உட்காருங்க. பாட்டு இன்னும் சொல்லல."

எல்லாரும் உட்கார்ந்தார்கள். பெஞ்சுகள் கிறீச்சிட்டு அடங்கின. நான் உட்காரவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து மனதுக்குள் சேர்த்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை.

ஐயர் சபை முன்னால் என்னை அதட்ட முடியாது. "சொல்லுங்க" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என்னை 'ங்க' போட்டுப் பேசினார்.

"எனக்குத் தடை தெரியும்" என்றேன். "ரூபி வழுக்கி விழல."

கிங்ஸ்லி துரை என்னைப் பார்த்தார். அன்றைக்கு டீத் தட்டை வாங்கிய அதே முகம், அதே சாந்தம்.

"அது நடந்தப்ப நீங்க இந்தச் சேகரத்துலயே இல்ல" என்றார் ஐயர். பிரசங்கக் குரல். கடைசிப் பெஞ்சு வரைக்கும் போகும். "ஒருத்தர் வழுக்கி விழுந்தாங்களா இல்லையான்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"எனக்கும் வழுக்குதுல்லா. அதான் தெரியும்."

நான் கையை உயர்த்தவில்லை, எதையும் காட்டவில்லை. காட்டத் தேவையில்லை. மேட் வாங்கக் காசு போட்டவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். எல்லாரும் கையிலிருந்த ஓலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐயர் பாட்டு நம்பரைச் சொன்னார். யாரும் எழவில்லை. திரும்பவும் சொன்னார். அப்போது எனக்கு இரண்டு பெஞ்சு பின்னால் ஒருத்தி எழும் சத்தம் கேட்டது. பாட்டுக்குத்தான் எழுகிறாள் என்று நினைத்தேன்.

"தண்ணி ஊத்தினது நான்தான் ஐயரே" என்றாள் தங்கபுஷ்பம் அக்கா. "முதுக நான் பாத்தேன். பாத்துக்கிட்டு இருந்துட்டேன். எம் புள்ளைய நான் குடுக்கல."

பாடகர் குழுவில் பியூலா அழவில்லை. தாயைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என் கையை, ரவிக்கையின் கையைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் புரிந்தது என்பது எனக்குத் தெரிந்தது. என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அதைத் தாங்குவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

மார்ச் 25, திங்கள்

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது மாதிரி இருக்கிறது. குளியலறையில் வழுக்கி

மார்ச் 27, புதன்

மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்டாள். ஐயர் பதில் சொல்லிவிட்டார். வாசலில் நாங்கள் கஞ்சி ஊற்றும் இடத்தைத் தாண்டித்தான் உள்ளே போனோம்.

கல்யாணம் நின்றுவிட்டது. கிங்ஸ்லி துரை செயலாளர் பதவியை விடவில்லை, பந்தலை மட்டும் இல்லை என்று சொல்லிவிட்டார். கண் முகாம் நின்றுவிட்டது. ஏழை ஜனங்களுக்கு வரவேண்டிய கண் சிகிச்சையை ஐயரம்மா கெடுத்துவிட்டாள் என்று ஊரில் பேச்சு. ஐயரம்மாவுக்கு மனநிலை சரியில்லை, ஐயர் இத்தனை வருஷம் எப்படிப் பொறுமையாக வைத்துக் காப்பாற்றினாரோ என்றும் பேச்சு. அதை ஆரம்பித்தது யார் என்று எனக்குத் தெரியும். இன்று காலையில் ஐயர் திருமண்டல அலுவலகத்துக்கு விளக்கம் சொல்லப் போயிருக்கிறார். பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி நேர ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் அவரேதான் பிரசங்கிக்கிறார். ஜனங்கள் அழுவார்கள்.

சங்கத்திலிருந்து ஒருத்தரும் வரவில்லை. மதியத்துக்கு மேல் தங்கபுஷ்பம் அக்கா மட்டும் வந்தாள். முன்வாசலால் வராமல் அடுக்களைப் பக்கமாக வந்தாள். சோறு கொண்டு வந்திருந்தாள். பிசைந்து உருட்டிக் கொடுத்தாள், வாங்கிச் சாப்பிட்டேன். பியூலா இரண்டு நாளாக அவளோடு பேசவில்லையாம். "பேசாண்டாம். உசிரோட இருக்கால்லா" என்றாள்.

சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டுக் குளியலறைப் பக்கம் போனாள். திரும்பி வரும்போது நீல மேட் அவள் கையில் சுருட்டியிருந்தது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

இதுவரை எல்லாரும் என்னிடம் பாத்து நடங்க என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நான்கு சேகரத்திலும் அதையேதான் சொன்னார்கள். அவள் அதைச் சொல்லவில்லை. மாவுக்கட்டைப் பார்த்தாள். பிறகு என் பெயரைச் சொன்னாள். அவளுக்கு அது தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

"எப்சிபா, தரை ஈரமாவா கெடந்துது?"

அவள் கக்கத்திலிருந்த நீல மேட்டைப் பார்த்தேன்.

"இல்லக்கா" என்றேன். "காஞ்சுதான் கெடந்துது."